26 வாக்கு வித்தியாசம்: பிராட்ஃபீல்டில் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

2025 மே 3ஆம் தேதி அவுஸ்திரேலியக் கூட்டாட்சித் தேர்தலில் போட்ட வாக்குக்கு ஜூன் 4ஆம் தேதி முடிவு வந்திருக்கிறது. சிட்னியில் உள்ள பிராட்ஃபீல்ட் தொகுதியில் சுயேட்சையாக நின்ற நிக்கோலெட் போலே, லிபரல் கட்சியின் கிஸெல் கப்டேரியனை 26 வாக்குகளால் வென்றிருக்கிறார். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செல்லுபடியான வாக்குகளில் 26. முதல் எண்ணிக்கை முடிந்தபோது கப்டேரியன் 8 வாக்குகள் முன்னால் நின்றார். வித்தியாசம் 100க்குக் கீழே இருந்ததால் தேர்தல் ஆணையம் எல்லாவற்றையும் மீண்டும் எண்ணியது. அதில்தான் இது மாறியது.

எங்கள் குழு எந்தக் கட்சிக்கும் வேலை செய்யவில்லை. இந்தப் பகுதித் தமிழர்கள் சிலர் சேர்ந்து, புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்களுக்கும் பெற்றோர் பாட்டனாருக்கும் வாக்குச்சீட்டை எப்படி நிரப்புவது என்று தமிழில் சொல்லிக்கொடுத்தோம், அவ்வளவுதான். குழுவுக்குள்ளேயே இரண்டு வேட்பாளரின் ஆட்களும் இருந்தார்கள், இரண்டும் வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். அதனால் 'நாங்கள் வெல்ல வைத்தோம்' என்று யாரும் மார்தட்ட வேண்டாம். ஆனால் உதவிக்கு வந்தவர்களுக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் நன்றி, சனிக்கிழமைகளில் மண்டபத்துக்கு வந்து பாடம் எடுத்த உங்களுக்கு. இந்தப் பாடம் ஏன் தேவைப்பட்டது என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் ஒரே ஒரு கட்டத்தில் 1 என்று போட்டுவிட்டு வந்தாலும் வாக்கு செல்லும். கூட்டாட்சித் தேர்தலில் பச்சைச் சீட்டில், அதுதான் பிரதிநிதிகள் சபைக்கு, இருக்கும் எல்லாக் கட்டத்துக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும். கடைசி ஒன்றை மட்டும் விட்டால் மன்னிப்பு உண்டு, இரண்டை விட்டால் குப்பை. வெள்ளைச் சீட்டுக்கு, அதுதான் செனட்டுக்கு, இன்னொரு கணக்கு: கோட்டுக்கு மேலே கட்சிகளுக்குப் போட்டால் குறைந்தது 6, கீழே வேட்பாளர்களுக்குப் போட்டால் குறைந்தது 12. ஒரே ஊரில், ஒரே பள்ளிக்கூட வாசலில், தேர்தலுக்குத் தேர்தல் விதி மாறினால் படித்தவர்களே தடுமாறுவார்கள். 2022இல் நாடு முழுவதும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பச்சைச் சீட்டுகள் செல்லாமல் போயின.

அப்புறம் பழத் தேர்தல். அந்த யோசனையைக் கொடுத்த இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாக நன்றி. பலாப்பழம், மாம்பழம், வாழைப்பழம் என்று மூன்று வேட்பாளர்கள், படம் வரைந்த சீட்டு, சப்பாத்துப் பெட்டியில் வெட்டிய வாக்குப் பெட்டி. அன்று மண்டபத்தில் இருபது பேர். பலாவுக்கு 8, மாம்பழத்துக்கு 7, வாழைக்கு 5. பாதிக்கு மேல் யாருக்கும் இல்லை. வாழை வெளியே. வாழையை முதலாவதாகப் போட்ட ஐந்து சீட்டையும் பிரித்துப் பார்த்தால் நான்கில் இரண்டாம் இடம் மாம்பழத்துக்கு, ஒன்றில் பலாவுக்கு. மாம்பழம் 11, பலா 9. மாம்பழம் வெற்றி.

"முதல்ல கூட எடுத்தது பலாதானே? இது என்ன நியாயம்?" என்று முன்வரிசையில் இருந்த மாமி எழும்பிவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவருக்கும் நன்றி. பிராட்ஃபீல்டில் நடந்ததும் அச்சொட்டாக அதுதான். முதல் விருப்பில் கப்டேரியனுக்குச் சுமார் 38 சதவீதம், போலேக்குச் சுமார் 27, தொழிற்கட்சிக்குச் சுமார் 20. கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றி, அவர்களுடைய சீட்டுகளை அடுத்த விருப்புப்படி பங்கிட்டுக்கொண்டு வந்தார்கள். தொழிற்கட்சி வேட்பாளரும் வெளியேறிய பிறகுதான் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றார்கள். மாமிக்கு அன்று பதில் சொன்ன தம்பி, "வாழைக்காரருக்குப் பலா பிடிக்காது மாமி, அவர்களையும் கேட்க வேண்டாமா?" என்றான். மாமி சமாதானம் ஆகவில்லை. ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் எண் போட்டுவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். எங்களுக்கு அது போதும்.

இலங்கையில் பல தேர்தல்களில் கடமை பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மண்டபத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவர் சொன்னால்தான் நம்பினார்கள். 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலை எடுத்து அவர் விளக்கியது எல்லாருக்கும் சட்டென்று பிடிபட்டது. அங்கேயும் விருப்பு வாக்கு உண்டு. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42 சதவீதம்தான் வந்ததால், முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். ஆனால் அங்கே முதல் இருவரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை ஒரே மூச்சில் நீக்கிவிடுவார்கள். இங்கே கடைசியில் இருந்து ஒருவர் ஒருவராகப் போவார்கள். அங்கே ஒரு புள்ளடியோடு (X) நிறுத்தினாலும் வாக்கு செல்லும், இங்கே பச்சைச் சீட்டில் புள்ளடி மட்டும் போட்டால் செல்லாது. "ஊர்ப் பழக்கத்தில் புள்ளடியைப் போட்டுவிட்டு வந்து என் முகத்தில் விழிக்க வேண்டாம்" என்று ஐயா சொன்னது இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாக்குச்சாவடி ஊழியர்களை எங்கள் ஆட்கள் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் நன்றி அவர்களுக்கும்தான். எங்களோடு வந்த ஒரு பெரியவர் 1, 2, 3, 3 என்று போட்டுவிட்டு விழித்துக்கொண்டு நின்றார். மேசையில் இருந்த பெண் அவரை அவசரப்படுத்தவில்லை. பிழைத்த சீட்டை வாங்கி ரத்துசெய்து, புதுச் சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்து, "நிறைய நேரம் இருக்கிறது" என்றார். பிழை விட்டால் வேறு சீட்டு கேட்கலாம் என்பதை நாங்கள் மண்டபத்தில் எத்தனை தடவை சொன்னோமோ தெரியாது, அங்கே போய்க் கேட்கத் தைரியம் வருவது வேறு விஷயம். தொலைபேசியில் உரைபெயர்த்த தமிழ்க் குரல்களுக்கும் நன்றி. முகம் தெரியாது, பெயர் தெரியாது.

வாசலில் ஆறு மீட்டர் தள்ளி நின்று துண்டுச்சீட்டு கொடுத்த எல்லா நிறச் சட்டைக்காரர்களுக்கும் ஒரு வணக்கம். எங்கள் முதியவர்களுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டது ஒரு கட்சித் தொண்டர், குடை பிடித்தது எதிர்க்கட்சித் தொண்டர். யார் எந்தக் கட்சி என்று எழுதினால் அடுத்த தேர்தலில் அதையும் பிரசாரமாக்கிவிடுவார்கள், விடுங்கள்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத ஆசை, ஏனென்றால் யாரும் இவர்களைப் பற்றி எழுதுவதில்லை.

தேர்தல் இரவு தொலைக்காட்சியில் பார்ப்பது முதல் மதிப்பீடு மட்டும்தான். தபால் வாக்குகள் தேர்தலுக்குப் பிறகு பதின்மூன்று நாள் வரைக்கும் வந்து சேரலாம். முன்னிலை இவருக்கும் அவருக்கும் மாறிக்கொண்டே இருந்தது. மீள் எண்ணிக்கை என்றால் கட்டுகளைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொரு சீட்டையும் திரும்ப விரித்து, இது செல்லுமா, முதல் விருப்பு யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று அடியில் இருந்து பார்க்கிறார்கள். எங்கள் குழுவில் இருந்து இரண்டு பேர் வாக்கெண்ணும் முகவர்களாகப் போனார்கள். ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். ஒரே காரில் போய் ஒரே காரில் வந்தார்கள். காருக்குள் என்ன பேசினார்கள் என்று அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்!

முகவர்கள் சீட்டைத் தொடக் கூடாது. பார்க்கலாம், ஆட்சேபம் சொல்லலாம். இது 1ஆ 7ஆ, 4ஆ 9ஆ என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆட்சேபித்த சீட்டைத் தனியாக எடுத்து வைத்து, மாநிலத் தேர்தல் அதிகாரியின் முடிவுக்கு விடுகிறார்கள். நாங்கள் மண்டபத்தில் 'எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்' என்று சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. 7இன் குறுக்கே கோடு போடுகிற பழக்கம் உள்ளவர்கள், ஒற்றைக்கு மூக்கு வைக்கிறவர்கள் எல்லாரும் இந்த முகவர் இருவரிடமும் ஒரு தடவை பேசிப் பாருங்கள். சீட்டை எண்ணியவர்களில் பலர் தற்காலிக ஊழியர்கள், எங்களைப் போல வேறு வேலை செய்கிறவர்கள். இரண்டு பக்கத்து முகவர்களும் தலைக்கு மேலே நின்று முறைத்துக்கொண்டிருக்க, பொறுமையாக எண்ணினார்கள். அவர்களுக்கு என்னுடைய பெரிய கும்பிடு.

1949இல் உருவான நாளில் இருந்து லிபரல்காரர்களிடமே இருந்த தொகுதி இது. சிட்னித் துறைமுகப் பாலத்தின் பொறியியலாளர் பெயரை வைத்த தொகுதி. இங்கே முடிவு முன்கூட்டியே தெரியும், ஏன் மினக்கெட வேண்டும் என்று எங்களிடமே பலர் கேட்டார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை. இந்த விருப்பு வாக்கு முறை வந்த கதையையும் சொல்கிறேன்: 1918இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தல் நடந்தது. தொழிற்கட்சிக்கு எதிரான தரப்பின் வாக்குகள் பிரிந்துபோக, மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு தொழிற்கட்சிக்காரர் வென்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த வருடமே இந்த முறையைச் சட்டமாக்கினார்கள். கொண்டுவந்தவர்கள் தங்கள் பக்கத்து வாக்குச் சிதறக் கூடாது என்றுதான் கொண்டுவந்தார்கள், ஏதோ தர்மத்துக்காக இல்லை. இன்று அதே முறை அந்தப் பக்கத்தின் வாரிசுகளான லிபரல்காரர்களையே 26 வாக்கில் வெளியே அனுப்பியிருக்கிறது. எனக்கு இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவரை விரும்பாவிட்டாலும் அவருக்கும் ஒரு எண் போட்டே ஆக வேண்டும் என்பது எனக்கு இப்பவும் உறுத்தும். ஆனால் சின்னக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீண் என்ற பயமுறுத்தல் இங்கே செல்லுபடியாகாது, அது பெரிய விஷயம்.

தேநீர் போட்டவர்கள், மாதிரிச் சீட்டு அச்சடித்துத் தந்தவர், காரில் ஏற்றி இறக்கிய பிள்ளைகள், மண்டபத் திறப்பை நம்பிக் கொடுத்தவர் எல்லாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் திட்டாமல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்.

அடுத்த மாநிலத் தேர்தல் 2027 மார்ச்சில் வருகிறது. அப்போது ஒரு எண்ணும் போதும், கூடப் போட்டால் நல்லது என்று பாடத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். இப்போதுதான் எல்லாக் கட்டத்தையும் நிரப்பப் பழகியவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஐயா இப்பவே யோசிக்கத் தொடங்கிவிட்டார். வர விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள். சப்பாத்துப் பெட்டி வாக்குப் பெட்டி என்னிடம் இருக்கிறது. இரண்டு மடிப்பு மேசைகளும் யாருடையவை என்று தெரியவில்லை, வந்து எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
மண்டபக் குழுவின் சார்பில்