கட்டிலில் விரித்த கணினி: கலைச்சொல் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொகுப்பாளர்களுக்கு, வணக்கம்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். போன மாதம் செவிலியர் மாணவிகளுக்கான கையேடு ஒன்று கைக்கு வந்தது. "நோயாளியின் இடுப்புக்குக் கீழே மேக்கின்டாஷ் விரிக்கவும்" என்று உள்ளே ஒரு வரி. சரிதான். கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலைப் புரட்டினால், "மேக்கின்டாஷ்: ஆப்பிள் நிறுவனத்தின் கணினி" என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த தொகுப்பில் அந்த ஒரு பொருள்தான் இருந்ததாம்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, "மேக்கின்டாஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று நர்ஸம்மா சொல்ல, நானும் முழித்தவன்தான். மெடிக்கல் கடைக்காரர் "ரப்பர் சீட்டுதானே சார், எத்தனை மீட்டர்?" என்று கேட்டுவிட்டுச் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தார். செங்காவி நிறம். வீட்டில் விரித்ததும் சைக்கிள் டியூப் வாடை அறை முழுக்க.

அந்த வாடைக்கு வயது இருநூறுக்கு மேல். கிளாஸ்கோவில் பிறந்த சார்லஸ் மேக்கின்டாஷ், நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும்போது மிஞ்சிய நாப்தா என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். தண்ணீர் உள்ளே போகவில்லை. 1823இல் காப்புரிமை வாங்கினார். அந்தத் துணியில் தைத்த கோட்டு வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், நாறவும் நாறும். இருந்தும் மழைக்கோட்டுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு வேடிக்கை: அவர் தன் பெயரில் 'கே' எழுத்தைப் போடுவதில்லை, கோட்டின் பெயரில் எப்படியோ அது வந்து ஒட்டிக்கொண்டது.

அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனால் பெயர் வேறொன்றைக் குறிக்கும். மயக்க மருத்துவர் "மேக் மூணு" என்று கை நீட்டினால், வருவது லாரிங்கோஸ்கோப்பின், அதாவது தொண்டைக்குள் குரல்வளையைப் பார்க்கும் கருவியின், வளைந்த அலகு (வாய்க்குள் நுழைக்கும் தகடு). ஆக்ஸ்ஃபோர்டில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் மேக்கின்டாஷ் 1943இல் அறிமுகப்படுத்தியது. நேரான அலகு குரல்வளை மூடியையே நேரடியாகத் தூக்கும். இவருடைய அலகின் நுனி நாக்கின் அடிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் உட்காரும். அங்கிருந்து தூக்கினால் மூடி தானாக எழும்பிக் குரல்நாண்கள் தெரியும், மூச்சு விடுவதற்கான குழாயைச் செலுத்தலாம். இன்றைக்கும் மயக்க மருந்துத் தட்டில் இந்த அலகு இருக்கும். உங்கள் தொகுப்புகளில் தேடிப் பார்த்தேன், இல்லை.

எல்லாம் ஒரே ஸ்காட்டியக் குடும்பப் பெயர்தான். கேலிக் மொழியில் 'தலைவன் மகன்' என்று பொருள். ஆங்கிலத்தில் இதை மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், சமயத்தில் ஒரே வீட்டுக்குள்ளேயே. கிளாஸ்கோ கலைப்பள்ளியைக் கட்டிய சார்லஸ் ரென்னி மேக்கின்டாஷ், அப்பா எழுதிய முறையை விட்டுவிட்டுத் தனக்கென்று வேறு எழுத்துக்கூட்டல் வைத்துக்கொண்டார். 1811இல் கனடாவில் ஜான் மேக்கின்டாஷ் தன் நிலத்தில் கண்டெடுத்த ஆப்பிள் கன்றுகளில் பிழைத்த ஒன்றிலிருந்து வந்த பழத்துக்கு இன்னோர் எழுத்துக்கூட்டல். அந்தப் பழத்தின் பெயரைக் கணினிக்குச் சூட்டியபோது, அதே பெயரில் ஆம்ப்ளிஃபையர் செய்யும் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருந்ததால், எழுத்தை மாற்றியும் வம்பு தீரவில்லை. அனுமதி வாங்கித்தான் 1984இல் கடைக்கு வந்தது.

இந்தத் தொல்லை தமிழுக்கு எதற்கு? உச்சரிப்பு ஒன்றுதானே. நீங்களோ ஆங்கில எழுத்தைப் பார்த்து மெக்கின்டாஷ், மாக்கின்டோஷ், மக்கின்தோஷ் என்று ஆளுக்கொன்றாகப் போடுகிறீர்கள். ஒரு பக்கத்தில் தேடுகிறவனுக்கு மற்றது கிடைப்பதில்லை. என் வேண்டுகோள் இரண்டு. 'மேக்கின்டாஷ்' என்று ஒரே தலைச்சொல்லாக வையுங்கள். அதன் கீழே விரிப்பு, கோட்டு, அலகு, பழம், கணினி என எண்ணிட்டுப் பொருள் கொடுங்கள். 'நீர்புகா விரிப்பு' என்று தமிழில் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம், அதையும் சேருங்கள். ஆனால் வார்டில் மூத்த செவிலியர் கேட்பது மேக்கின்டாஷைத்தான். மாணவிக்கு அது புரிய வேண்டும்.

கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னியையும் விட்டுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்கில் அவர் கட்டிய ஹில் ஹவுஸ் என்ற வீடு, சிமெண்டுப் பூச்சு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டதால் நூறாண்டாக ஓதம் ஏறி ஊறிப்போனது. 2019இல் வீட்டையே எஃகு வளையங்களால் பின்னிய வலைக்கூண்டுக்குள் வைத்து, மேலே கூரையும் போட்டார்கள். மேக்கின்டாஷ் கட்டிய வீட்டுக்கே ஒரு மேக்கின்டாஷ்.

கையேட்டில் கணினியை அடித்துவிட்டு, ஓரத்தில் 'ரப்பர் விரிப்பு' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அச்சகத்திலிருந்து போன் வந்தது: "சார், கணினின்னுதானே தொகுப்புல இருக்கு?"

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்