ஒன்றரை வேகத்தில் பார்க்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? இங்கே நானும் அப்பாவும் சுகம். போன வாரம் வீடியோ காலில் நீ பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று மனசை விட்டுப் போகவே இல்லை. "இப்பல்லாம் எந்தப் படத்தையும் ஒன்றரை வேகத்துல ஓட்டித்தான்மா பாக்குறேன், ரயில்ல போறப்ப முடிச்சிரலாம்" என்றாய். அன்றைக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்லவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபீஸில் அனுப்பும் பயிற்சி வீடியோவையும் சமையல் குறிப்பையும் நீ எந்த வேகத்தில் வேண்டுமானாலும் ஓட்டு. பிடிக்காத படம் என்றால் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடு. நாங்களும் அப்படித்தான். துப்பாக்கி, ரத்தம், மறுபடியும் துப்பாக்கி என்று போகிற படங்களை இப்போதெல்லாம் நாங்கள் முடிவு வரை பார்ப்பதே இல்லை. பாதியில் நிறுத்துவதில் தப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் நல்ல படத்தை விரட்டி விரட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீ கட்டி வைத்திருக்கும் சந்தாவில் நாங்கள் பார்ப்பதில் பாதி பழைய படம்தான். யூடியூபிலும் நிறையக் கிடைக்கிறது. இந்த மாதம் 'வீடு' பார்த்தோம். பாலு மகேந்திரா எடுத்தது, 1988இல் வந்தது. அர்ச்சனாவுக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. உன்னைப் பார்க்கச் சொல்வதென்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். கதை இவ்வளவுதான்: வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். ஆபீஸில் வேலை பார்க்கும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். பாட்டு கிடையாது. பின்னணிக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். தன் அம்மா வீடு கட்டியபோது பட்ட பாடுதான் இந்தப் படத்துக்கு விதை என்று பாலு மகேந்திராவே சொல்லியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது மட்டக்களப்புப் பக்கம். அங்கே ஒரு அம்மா பட்ட கஷ்டம், பிள்ளையின் மனசில் அத்தனை வருஷம் கிடந்து, சென்னையில் நடக்கிற கதையாக வந்திருக்கிறது.

நம் வீட்டைக் கட்டும்போது நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. லோன் பணம் தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு வேலை முடிந்திருக்க வேண்டும் என்பார்கள். வேலை முடிய வேண்டுமென்றால் கையில் பணம் இருக்க வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட நீளமாகத் தெரியாது. சுதா ஒவ்வொரு இடமாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள் பார், அந்தக் காத்திருப்புதான் கதை. அதை வேகமாக ஓட்டினால் அவள் காத்திருக்கவே இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் அவள் முகத்தில் அந்தக் களைப்பு எப்படி வந்தது என்று உனக்கு எப்படிப் புரியும்?

தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். பழைய நாடக நடிகர். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பிப் போவார். சுவரைத் தொட்டுப் பார்ப்பார். பேச்சு கிடையாது. வயசானவர் என்ன வேகத்தில் நடப்பாரோ அந்த வேகத்திலேயே கேமராவும் அவர் பின்னால் போகும். அதை ஒன்றரை வேகத்தில் வைத்தால் அவர் யாரோ ஒரு நடுவயசுக்காரர் மாதிரி வீட்டைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார், பாப்பா. அவருடைய வயசையே நீ எடுத்துவிடுகிறாய். அந்தக் காட்சி முடிந்ததும் அப்பா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

சித்தாள் மங்கம்மாவையும் கவனித்துப் பார். 'பசி' சத்யா நடித்திருக்கிறார். சிமெண்ட் திருட்டுப் போவதை எடுத்துச் சொல்பவள் அவள்தான். கான்ட்ராக்டர் போன பிறகும் சுதாவோடு நிற்பவளும் அவள்தான். செங்கல் சுமக்கிற பெண்ணுக்கு அந்த வீட்டின் மேல் அப்படி ஒரு அக்கறை. நம் சினிமாவில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பழைய படம் என்றாலே மெதுவாகத்தான் போகும் என்று நினைத்துவிடாதே. 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்த ஸ்ரீதர் படம், எவ்வளவு விறுவிறுப்பு! பாலையாவுக்கு நாகேஷ் பேய்க்கதை சொல்வாரே, அதில் நாகேஷைப் பார்க்காமல் பாலையாவின் முகத்தையே பார். நாகேஷ் வாயால் ஒரு சத்தம் கொடுப்பார், கொஞ்சம் நிறுத்துவார், அந்த இடைவெளியில் பாலையாவின் கண் உருளும். சிரிப்பே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

'தில்லானா மோகனாம்பாள்' படத்தை எடுத்துக்கொள். 1968, ஏ.பி. நாகராஜன். சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் நம் மதுரைக்காரர்கள், எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் வாசிப்புக்குச் சிவாஜி கன்னத்தையும் விரலையும் மூச்சையும் கொண்டுபோய்ப் பொருத்தியதை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். 'நலந்தானா' பாட்டில் பத்மினி ஆடிக்கொண்டே சபை நடுவில் அவரிடம் நலம் விசாரிப்பார். அவருக்குக் கையில் காயம். பக்கத்தில் தவிலோடு பாலையா உருகிக்கொண்டிருப்பார். இதை நீ எந்த வேகத்தில் கேட்பாய், சொல்லு? தாளத்தைக் கலைத்துவிட்டுப் பாட்டு கேட்க முடியாது என்று உனக்கே தெரியும். இயக்குநர் மகேந்திரன் படத்தில் வருகிற மௌனத்துக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு என்றுதான் நான் சொல்கிறேன்.

மகேந்திரன் விஷயம் உனக்குப் பிடிக்கும். 'தங்கப்பதக்கம்' படத்துக்கு வசனம் எழுதியவர் அவர். சிவாஜி பேசப் பேசத் தியேட்டரில் கைத்தட்டல் அடங்காது. அப்படி எழுதத் தெரிந்த மனுஷன், தானே இயக்க வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனார். 1979இல் வந்த 'உதிரிப்பூக்கள்' கடைசியில், ஊரே சேர்ந்து அந்தச் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும். அவன் செய்த கொடுமைகளுக்கு அவன் மேல் எனக்கு இரக்கமே வரக்கூடாது. ஆனால் அவன் தண்ணீரில் இறங்கும் நேரத்தில், கரையில் நிற்கிற அவன் பிள்ளைகளைத்தான் மனசு தேடுகிறது. நல்லவர்களாக இருந்த ஊர்க்காரர்கள் ஒரு கொலைக்குத் துணிந்துவிட்டார்களே என்றும் பதறுகிறது. இந்த இரண்டும் வந்து சேர நமக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். மகேந்திரன் அந்த நேரத்தை நமக்குக் கொடுத்திருக்கிறார்.

புதுப் படங்களிலும் எங்களுக்குப் பிடித்தது இல்லாமல் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் எடுத்த 'கடைசி விவசாயி' 2022இல் வந்தது, மணிகண்டன் இயக்கியது. அதில் மாயாண்டியாக வரும் நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. படம் வெளியாகும் முன்பே இறந்துபோனார். தேசிய விருதில் அவரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். அந்தப் பெரியவருக்குக் காது சரியாகக் கேட்காது. யாராவது கேள்வி கேட்டால் கொஞ்சம் கழித்துத்தான் பதில் வரும். கோர்ட்டிலும் அப்படித்தான். சட்டம் அவசரப்படும், அவர் அவசரப்பட மாட்டார். அப்பாவுக்கும் இப்போது காது மந்தம் என்பதால் அவருக்கு அந்தப் பெரியவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

2024இல் வந்த 'மெய்யழகன்' பார்த்தாயா? இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள், நீளம் அதிகம் என்றார்கள். படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அதில் வருத்தம். தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவனின் பேர்கூட ஞாபகம் வராமல் தவிக்கிறவன் கதை அது. அந்தத் தவிப்பு நீள வேண்டாமா? சொந்த ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களைக் கேட்டுப் பார், நீளம் என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. பேச்சு மெல்லக் கேட்கிறது, சண்டை வந்தால் காது கிழிகிறது. தியேட்டரில் சுற்றிலும் வைத்த ஸ்பீக்கருக்காகச் சேர்த்த ஒலி, டிவியில் இருக்கிற இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் வந்து நெருக்கியடிக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது. ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்குகிற வசதி நம் டிவியில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து மாற்றிவைத்த பிறகு பரவாயில்லை. அப்பா கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தையும் படித்துக்கொண்டு தமிழ்ப் படம் பார்க்கிறார். உன் போனிலும் ரயில் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்காது, அங்கேயும் நல்ல படத்தை வைக்காதே.

மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, விடுமுறை நாளில் 'வீடு' பார். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்த்தாலும் சரி, வேகத்தை மட்டும் மாற்றாதே. முடிவை நான் எழுதவில்லை. அதற்கு யாரைக் குறை சொல்வது என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. ஆரம்பத்திலேயே காகிதங்களை ஒழுங்காக விசாரித்திருக்க வேண்டும் என்கிறார் அப்பா. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் எத்தனை வாசலில்தான் போய் நிற்பாள் என்கிறேன் நான். நீ பார்த்துவிட்டு யார் பக்கம் என்று சொல்.

அன்புடன்,
அம்மா