டாலஸில் ஏலத்துக்கு வரும் வீடுகள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

டாலஸ், டெக்சஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கோவில்பட்டியில் நீங்களும் சித்தியும் நலமா? கடன் கட்டாமல் ஏலத்துக்கு வருகிற வீட்டை வாங்கி, சரிசெய்து விற்பது எப்படி என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். கட்டட வேலையிலேயே இருப்பவர் நீங்கள். அதனால் பொதுவாகச் சொல்லாமல் வேலைக்காரர் கண்ணில் படுகிற விஷயங்களாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏலம். டெக்சஸில் பெரும்பாலும் இதற்குக் கோர்ட்டுக்குப் போவதில்லை. தவணை தவறினால் டிரஸ்டி (கடன் கொடுத்தவர் சார்பில் வீட்டை விற்க நியமிக்கப்பட்டவர்) விற்கலாம் என்று கடன் பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். குடியிருக்கும் வீடென்றால் பாக்கியைக் கட்ட குறைந்தது 20 நாள் அவகாசம் தர வேண்டும். அப்புறம் ஏலத்துக்கு 21 நாளாவது முன்னால், நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்ட்டியில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள். நம்மூர் பேங்க் ஏலத்தில் 25 சதவீதம் கட்டிவிட்டு மீதிக்கு 15 நாள் வாங்கலாம். இங்கே அது நடக்காது. ஏலம் முடிந்த கையோடு முழுப் பணத்துக்கும் காஷியர்ஸ் செக் (நம்மூர் டிடி மாதிரி) கொடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளே போய்ப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

ஆகவே கையில் இருப்பது இரண்டு: கவுண்ட்டிப் பதிவுகள், தெருவில் நின்று பார்ப்பது. பதிவுகளை நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும், அதைவிடக் கவனமாக. ஒரே வீட்டின் மேல் இரண்டு கடன் இருக்கும். ஏலத்துக்கு வருவது இரண்டாவது கடன் என்றால், முதல் கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டு வாங்கினவர் தலையில் வரும். விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சொத்து வரி பாக்கியும் ஏலத்தில் அழியாது. வருமான வரி பாக்கிக்காக மத்திய அரசு வீட்டின் மேல் பிடிப்பு போட்டிருந்தால், வரித்துறை 120 நாளுக்குள் வீட்டை மீட்டுக்கொள்ள உரிமை உண்டு. அந்த 120 நாளும் அதில் ரிப்பேருக்கு ஒரு டாலர்கூடச் செலவு செய்யக் கூடாது என்பது என் கருத்து.

உள்ளே ஆள் இருந்தால் அது தனி வேலை. பழைய சொந்தக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, காலி செய்யாவிட்டால் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். முறையான வாடகைக்காரர் என்றால் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று மத்தியச் சட்டமே இருக்கிறது. பலர் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். வழக்கைவிட அது மலிவு. வீடு போன குடும்பம் வண்டி பிடித்து, வேறு இடத்துக்கு அட்வான்ஸ் கட்டவும் அது உதவும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அந்தக் குடும்பத்திடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், சித்தப்பா. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

ஏலத்தில் யாரும் கேட்காத வீடு பேங்க் கைக்கே போகும். பேங்க் அதை ஏஜெண்ட் மூலம் விற்கும்போது உள்ளே போய்ப் பார்க்கலாம், டைட்டில் இன்ஷூரன்ஸ் (பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு) எடுக்கலாம். விலை சற்றுக் கூடும், ஆனால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு இதுதான் நல்லது.

இனி மண். உங்களுக்கு நன்றாகப் புரியும் இடம் இது. டாலஸைச் சுற்றி இருப்பதும் நம் கரிசல் மாதிரியான மண்தான். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் வெறும் காங்கிரீட் தளம் போட்டு, மரச்சட்டத்தில் சுவர் நிறுத்தி, வெளியே ஒற்றைச் செங்கல் வைத்திருக்கிறார்கள். ஒரு மூலை இறங்கினால் அடையாளத்தைத் தெருவிலிருந்தே பிடிக்கலாம். செங்கல் இணைப்பில் படிக்கட்டுப் படியாக விரிசல் ஏறும். ஜன்னல் சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவே விரல் போகிற அளவு இடைவெளி விழும். கராஜ் கதவின் அடியில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் தெரியும். உள்ளே போக முடிந்தால் கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாகப் போகிற விரிசலைப் பாருங்கள். அதன் மேல் புதுப் பெயிண்ட் இருந்தால் இன்னும் உஷாராக வேண்டும்.

சரிசெய்வது இப்படி: ஓரமாக 6 முதல் 8 அடிக்கு ஒரு குழி தோண்டி, வீட்டின் எடையையே எதிர்ப்பாக வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் காங்கிரீட் உருளைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மண்ணுக்குள் அழுத்துவார்கள். உருளை அதற்கு மேல் இறங்காமல் நின்றதும் தளத்தைத் தூக்கி ஆப்பு வைத்து நிறுத்துவார்கள். ஆழமாகப் போக வேண்டுமென்றால் இரும்புக் குழாய், செலவு கூடும். வேலை எடுப்பவர் சொல்கிற எண்ணிக்கையை நம்பாமல், வேலையோடு சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரிடம் தனியாக அறிக்கை வாங்க வேண்டும். விற்கும்போது அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

தளத்தைத் தூக்கியதும் பலர் தவறவிடுவது கழிவுநீர்க் குழாய். 1970-களுக்கு முன் கட்டிய வீடுகளில் தளத்துக்கு அடியில் பெரும்பாலும் வார்ப்பிரும்புக் குழாய்தான் இருக்கும். அடிப்பக்கம் துருப்பிடித்துத் தின்றுபோயிருக்கும். தூக்கும்போது இணைப்பும் விட்டுப்போகும். ஆகவே வெளியே உள்ள கிளீன்-அவுட் (கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யும் மூடித் திறப்பு) வழியாகக் காற்றடைத்த ரப்பர்ப் பந்தை இறக்கி அடைத்து, தளத்தின் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, அரைமணி நேரம் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் ஒழுகுகிறது. அந்தத் தண்ணீர் கரிசலை ஊறவைத்து, தூக்கிய வீட்டைத் திரும்பக் கோணலாக்கும். மாற்ற வேண்டுமென்றால் தளத்தை உடைப்பதைவிட வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது நல்லது. புதிய வீடுகளில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி ஓடும், அதை வெட்டினால் ஆபத்து. அஸ்திவாரம், குழாய், அப்புறம்தான் சுவர், டைல்ஸ். இந்த வரிசையை மாற்றினால் புது டைல்ஸ் முழுக்க வெடிக்கும்.

குடிநீர்க் குழாயைத் திறக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மீட்டரை மெதுவாகத் திறக்க வேண்டும். மீட்டர் முகத்தில் சின்ன முக்கோணம் ஒன்று உண்டு. எல்லாம் மூடியிருக்க அது சுற்றினால் எங்கோ ஒழுக்கு. இங்கே பல வீடுகளில் குழாய் கூரைக்கு அடியில், அட்டிக்கில் ஓடும். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சஸ் முழுக்கக் குழாய்கள் வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆள் இல்லாத வீட்டில் நனைந்த ஜிப்சம் போர்டை உலரட்டும் என்று விட்டுவைத்தால் சில நாளிலேயே பூஞ்சை வரும். ஈரக் கறைக்கு மேல் இரண்டு அடி சேர்த்து வெட்டி எடுத்து, மரச்சட்டத்தை நன்றாக உலர்த்தி, பிறகுதான் மூட வேண்டும்.

ஏசி வெளியூனிட்டைத் தாமிரத்துக்காகத் திருடுவார்கள். புதிய யூனிட்டைக் கடைசி வாரத்தில் வைப்பதே புத்திசாலித்தனம். பழையது ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவில் ஓடுவது என்றால் உள்ளும் வெளியும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். காலியான வீட்டுக்குச் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் செல்லாமல் போகலாம்; காலி வீட்டுக்கென்று உள்ள பாலிசியை வாங்கிய அன்றே எடுக்க வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயிண்டைச் சுரண்டினால் ஈயம் கலந்த தூசி பறக்கும். அதற்குச் சான்று பெற்றவர்களைத்தான் வைக்க வேண்டும். அங்கே அடுத்து குழந்தைகள் தவழப்போகிறார்கள்.

கணக்கு இதுதான். சரிசெய்த வீடு 3 லட்சம் டாலருக்குப் போகுமென்று வையுங்கள். வாங்கும் விலையும் ரிப்பேரும் சேர்ந்து அதில் 70 சதவீதத்துக்குள், அதாவது 2,10,000-க்குள் அடங்க வேண்டும். ரிப்பேர் 50,000 என்றால் ஏலத்தில் 1,60,000-க்கு மேல் போகக் கூடாது. மீதி 30 சதவீதத்தில் ஏஜெண்ட் கமிஷன், பதிவுச் செலவு, வட்டி, ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வருகிற சொத்து வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் போக மிஞ்சுவதே லாபம். ஏல வேகத்தில் இந்த எண்ணைத் தாண்டுகிறவர்கள், கிச்சனில் எவ்வளவு அழகாகக் கிரானைட் போட்டாலும் மீள முடியாது.

விற்கும் நாளும் முக்கியம். முதல் வீடு வாங்குகிற பலர் எஃப்.ஹெச்.ஏ. கடனில் (மத்திய அரசு காப்பீடு தருகிற வீட்டுக் கடன்) வருகிறார்கள். நாம் வாங்கி 90 நாள் ஆகாமல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டால் அந்தக் கடன் கிடைக்காது. 91 முதல் 180 நாளுக்குள் விற்று, விலை நாம் வாங்கியதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், இன்னொரு மதிப்பீடு கேட்பார்கள். பழைய வீட்டில் உரிந்த பெயிண்ட் மாதிரி சின்ன விஷயத்துக்கும் அவர்களுடைய மதிப்பீட்டாளர் நிறுத்திவைப்பார். விற்பவர் தெரிந்த குறைகளை எழுதித் தர வேண்டிய படிவமும் உண்டு. அஸ்திவார வேலை, குழாய்ச் சோதனை, வாரண்டி எல்லாவற்றையும் அதோடு இணைத்துக் கொடுப்பதே முறை. மறைத்தால் வழக்கு வரும். மறைக்காத வீடு சீக்கிரமும் விற்கும், ஏனென்றால் வாங்குகிறவரின் இன்ஸ்பெக்டர் எப்படியும் அந்தத் தளத்தை அளந்துவிடுவார்.

தம்பி செல்வம் வேலைக்காக இங்கே வந்ததும் இதில் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எச்-1பி விசாவில் வருகிறவர் வீடு வாங்கலாம். ஆனால் வாங்கி விற்பதைத் தொழிலாக நடத்துவது, தானே நின்று வேலை செய்வது இரண்டும் விசாவுக்கு ஆபத்து. வந்ததும் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை உங்களோடு சைட்டில் நின்று கரிசலில் அஸ்திவாரம் போடுவதைக் கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் அங்கே எத்தனை அடி தோண்டுகிறீர்கள், என்ன நிரப்புகிறீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

சித்திக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அன்புள்ள,
முருகன்