ஃபோர்மன் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘ஹை நூன்’ படத்தைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டதற்கு முதலில் நன்றி. 1952இல் வந்த கறுப்பு வெள்ளை கௌபாய் படம் ஒன்றுக்கு இந்தக் காலத்தில் நான்கு பக்கம் ஒதுக்கப் பெரிய மனம் வேண்டும். கதாநாயகன் கேரி கூப்பரின் நடையையும் கடைசித் துப்பாக்கிச் சண்டையையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் நான்கு பக்கத்தையும் இரண்டு முறை புரட்டிவிட்டேன். படத்தின் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன் என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பெண்ணைப் பெற்றவர் பெயர் இல்லாத கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எண்பதுகளில் எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினோம். 16 மி.மீ. பிரதி, வாடகைப் புரொஜெக்டர், மண்டபத்து மடக்கு நாற்காலிகள். திரையில் பெயர்கள் ஓடும் நேரம் வாசலில் நின்று டீயைக் குடித்து முடிப்பதற்கான நேரம் என்பது எங்கள் உறுப்பினர்களின் தீர்மானம். ‘ஹை நூன்’ போட்ட அன்றும் அப்படியே செய்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தபின், “ஸ்டேஷனில் காத்திருக்கும் அந்த மூன்று பேர் யார்?” என்று பக்கத்து நாற்காலிக்காரரைப் பாதிப் படம் வரை அரித்தெடுத்தார்கள். இந்தப் படத்தில் பெயர்கள் ஓடும்போதே கதை தொடங்கிவிடுகிறது. ஒரு மரத்தடியில் ஒருவன் காத்திருக்கிறான், இன்னொருவன் குதிரையில் வந்து சேர்கிறான், பிறகு மூன்றாமவன். பின்னணியில் பாடகர் டெக்ஸ் ரிட்டரின் குரல். மூவரும் ஊருக்குள் புகுந்து ரயிலடிக்குப் போகிறார்கள். டீக்கடையில் நின்றவர்களுக்கு வில்லன்கள் சேர்ந்த கதை போயிற்று.

அந்த மரத்தடி ஆள் லீ வான் கிளீஃப். அவருக்கு இதுதான் முதல் படம். முதலில் துணை மார்ஷல் வேடத்துக்கே அவரைப் பேசினார்களாம், மூக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவர் மறுத்துவிட்டார். மூக்கு தப்பியது, வேடம் லாயிட் பிரிட்ஜஸுக்குப் போனது. வான் கிளீஃபுக்குக் கிடைத்த வேடத்துக்குப் படம் முழுக்க ஒரு வரி வசனம் கிடையாது. ஆனால் திரையில் நாம் முதலில் பார்ப்பது அந்த மூக்கைத்தான். பிற்பாடு ஒரு கார் விபத்தில் முழங்கால் கெட்டு, வாய்ப்புகள் வற்றி, படம் வரைந்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவரை 1965இல் இயக்குநர் செர்ஜியோ லியோனே இத்தாலியப் படத்துக்கு அழைத்துப்போனார். சிறையறைக்குள் குடிமயக்கத்தில் கிடக்கும் ஆளாக வரும் ஜாக் ஈலமுக்கோ பெயர்ப் பட்டியலில்கூட இடம் இல்லை. 1968இல் அதே லியோனே அவரை ஒரு ரயில் நிலையத்தில் உட்காரவைத்து, முகத்தில் ஈ மொய்க்கக் காத்திருக்க வைத்தார். ‘ஹை நூன்’ பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இப்போது ஃபோர்மனுக்கு வருகிறேன்.

படத்தின் கதை கட்டுரையிலேயே இருக்கிறது: ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் வேலையை விட்டுவிட்டுப் புது மனைவியோடு கிளம்பும் வில் கேன், பழைய பகைவன் நண்பகல் ரயிலில் வருகிறான் என்று கேட்டுத் திரும்பி வருகிறார். ஊராரிடம் உதவி கேட்கிறார். நண்பர், நீதிபதி, தேவாலயத்துச் சபையார் என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நியாயம் இருக்கிறது. யாரும் வரவில்லை. இதைக் கட்டுரையாளர் ‘மேற்கத்தியப் படங்களின் தனிமனித வீரம்’ என்ற ஒரே வரியில் முடித்துவிட்டார். வரலாறு அந்த வரிக்குள் அடங்காது.

படப்பிடிப்பு 1951 செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அதே மாதம் 24ஆம் தேதி, திரைக்கதை எழுதிய ஃபோர்மன், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழு முன் கூண்டேறினார். முன்பு கட்சியில் இருந்தவர், விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. குழுவுக்கு வேண்டியது அவர் கதையல்ல, கூட இருந்தவர்களின் பெயர்கள். அவர் தரவில்லை. அழைப்பாணை கைக்கு வந்த நாளிலிருந்தே தெரிந்தவர்கள் விலகத் தொடங்கிவிட்டார்கள். தன்னிடம் சொல்லப்பட்ட சமாதானங்கள் திரைக்கதையில் வசனங்களாக ஏறின என்று பின்னாளில் ஃபோர்மனே சொல்லியிருக்கிறார். கதை நடக்கும் ஊருக்கு ஹேட்லிவில் என்று அவர் பெயர் வைத்தது ஹாலிவுட்டை மனதில் வைத்துத்தான்.

கூட்டாளியும் நெருங்கிய நண்பருமான தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் அவரைப் படத்திலிருந்து விலக்கப் பார்த்தார். இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் எதிர்த்தார், கூப்பர் எதிர்த்தார், பணம் போட்டிருந்த சாலினாஸ் பகுதி லெட்டூஸ் விவசாயி ஒருவரும் எதிர்த்தார். வங்கிக் கடன் தொடர்பான ஒரு தாளில் ஃபோர்மனின் கையெழுத்து பாக்கியிருந்ததும் உதவியது. படப்பிடிப்பு முடியும்வரை இருந்தார். திரைக்கதைக்கு அவர் பெயர் நின்றது, இணைத் தயாரிப்பாளர் என்ற பெயர் பறிபோனது. 1952இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

கூப்பர் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் இடதுசாரி அல்ல. 1947இல் அதே குழுவின் முன் தானாகப் போய் நட்போடு சாட்சி சொன்னவர். அப்படிப்பட்டவர் ஃபோர்மனை வெளிப்படையாக ஆதரித்தார், அவர் தொடங்கவிருந்த கம்பெனியில் பங்குதாரராகவும் முன்வந்தார். பிறகு நாலாபுறமும் நெருக்கடி வந்து பின்வாங்க நேர்ந்தது. ஃபோர்மன் அவர்மேல் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. படம் எடுத்த ஆண்டில் கூப்பருக்கு ஐம்பது வயது, வயிற்றுப்புண், இடுப்பு வலி. திரையில் அந்த முகத்தில் தெரியும் களைப்பில் பாதி உண்மையானது. ஒப்பனையை ஏறக்குறைய வேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, கட்டுரையில் இருந்த ஒரு கட்டுக்கதை. படம் தேறாமல் கிடந்ததாகவும், படத்தொகுப்பாளர் எல்மோ வில்லியம்ஸ் கடிகாரக் காட்சிகளை இடையிடையே செருகிக் காப்பாற்றியதாகவும் கட்டுரை சொல்கிறது. இது வில்லியம்ஸ் தரப்புக் கூற்று. ஜின்னமனும் ஃபோர்மனும் இதை மறுத்தார்கள். ரயிலுக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்பதே கதையாக இருக்கும் படத்தில் கடிகாரம் பிறகு வந்து சேர்ந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. வில்லியம்ஸின் பெருமைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. மணி பன்னிரண்டை நெருங்கும்போது தேவாலயம், சாராயக் கடை, தண்டவாளம், தீர்ப்பு கேட்டபோது வில்லன் உட்கார்ந்திருந்த காலி நாற்காலி, உயில் எழுதும் கேன் என்று இசையின் அடிக்குத் தக்கபடி வெட்டி வெட்டிப் போய், ரயிலின் ஊதல் கேட்கும் இடம் ஒன்று போதும். ஹாரி கெர்ஸ்டாடோடு சேர்ந்து அவர் வாங்கிய ஆஸ்கர் முழுத் தகுதியானது.

ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பியைக் கட்டுரை ‘திறமையான’ என்ற ஒற்றைச் சொல்லோடு தாண்டிவிட்டது. அவரும் ஜின்னமனும் எடுத்துக்கொண்ட முன்மாதிரி, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் மேத்யூ பிரேடி எடுத்த புகைப்படங்கள். அதனால்தான் வானம் வெளிறிக் கிடக்கிறது. மற்ற கௌபாய் படங்களில் ஃபில்டர் போட்டுக் கறுத்த வானமும் பஞ்சு மேகமும் காட்டுவார்கள். இங்கே அது கிடையாது. வெயில் கண்ணைக் கூசுகிறது, அவ்வளவுதான். படம் பிடித்தபோது ஸ்டூடியோக்காரர்கள் முனகினார்கள், கிராஸ்பி மாற்றிக்கொள்ளவில்லை. ரயில் நேரே நம்மை நோக்கி வரும் காட்சிக்காக அவரும் ஜின்னமனும் தண்டவாளத்தில் படுத்துக் கேமராவைப் பிடித்திருந்தார்கள். இஞ்சின் கரும்புகையைக் கக்கியபோது காட்சி அழகாக இருக்கிறது என்று நினைத்தார்களாம். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. கடைசி நொடியில் புரண்டு தப்பினார்கள், முக்காலி தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு கேமரா நொறுங்கியது. சுருள் மட்டும் பிழைத்தது. அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது.

இசையமைப்பாளர் டிமிட்ரி டியோம்கின் பெயரைச் சொன்னீர்கள், பாட்டை எழுதிய நெட் வாஷிங்டனை விட்டுவிட்டீர்கள். ஆஸ்கர் இருவருக்கும்தான். இன்னொரு ஆஸ்கரைக் கூப்பர் வாங்கினார். விழாவுக்கு அவர் வரவில்லை, அவர் சார்பில் மேடையேறி வாங்கிக்கொண்டவர் கௌபாய் நட்சத்திரம் ஜான் வெய்ன்! இந்த வேடம் தனக்கு ஏன் வரவில்லை என்று அங்கே வேடிக்கையாகக் கேட்டார். 1971இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அதே வெய்ன், இந்தப் படம் அமெரிக்காவுக்கே விரோதமானது என்றார், ஃபோர்மனை நாட்டைவிட்டு விரட்ட உதவியதற்காக வருந்தவே மாட்டேன் என்றார். கூப்பர் கடைசியில் நட்சத்திரப் பதக்கத்தைக் காலில் போட்டு மிதித்தார் என்றும் குற்றம்சாட்டினார். படத்தில் மிதிக்கவில்லை. கழற்றிப் புழுதியில் போட்டுவிட்டு வண்டியேறுகிறார், அவ்வளவுதான். ஃபோர்மனின் திரைக்கதையும் அந்த ஆண்டு பரிந்துரைப் பட்டியலில் இருந்தது, பரிசு கிடைக்கவில்லை.

கிடைத்த பரிசும் கைக்கு வரவில்லை என்பது அதற்குப் பிந்திய கதை. இலங்கையில் கித்துல்கல ஆற்றங்கரையில் எடுத்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்கள் ஃபோர்மனும், அவரைப் போலவே ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் (கம்யூனிஸ்ட் என்று வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியல்) இருந்த மைக்கேல் வில்சனும். பெயரும் ஆஸ்கரும் போனது மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரருக்கு. இருவரும் காலமான பிறகே அகாடமி தவறைத் திருத்தியது. விருதுகளை அவர்களுடைய மனைவியர் பெற்றுக்கொண்டார்கள். (பெயர் விடுபடுவது பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படத்தின் களமான, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அந்தப் படத்தின் கதையில் அவர்களுக்கு இடமே இல்லை. அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.)

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில், கறுத்த கூந்தலோடு நிமிர்ந்து நிற்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே ‘கிரேஸ் கெல்லி’ என்று அச்சாகியிருக்கிறது. கிரேஸ் கெல்லி வெள்ளை உடுப்பில் வரும் மணப்பெண். இவர் மெக்சிகோவின் கேட்டி ஹுராடோ, இந்த வேடத்துக்காகக் கோல்டன் குளோப் விருது பெற்றவர். ஊரில் கேனிடம் உண்மையைப் பேசும் ஓரிருவரில் ஒருத்தியாக வந்து, கடையை விற்றுவிட்டு அதே நண்பகல் ரயிலில் ஏறிப் போய்விடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.