எந்த பெல்ட் என்று சொல்லிவிட்டு விற்கவும்

அனுப்புநர்:
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
ராயபுரம், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விளையாட்டு ஒளிபரப்புச் செயலி நிறுவனம்.

பொருள்: ‘உலக ஹெவிவெயிட் சாம்பியன் மோதல்’ என்று விளம்பரம் செய்த குத்துச்சண்டை ஆட்டத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். ஆண்டுச் சந்தா போக, சென்ற மாதம் அந்த ஒரு ஆட்டத்துக்குத் தனியாக 499 ரூபாய் கட்டினேன். விளம்பரத்தில் ‘உலகச் சாம்பியன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தால், ரிங்கில் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்த பிறகுதான் அது ஓர் அமைப்பின் இரண்டாம் நிலை பெல்ட் என்று தெரிகிறது. குத்துச்சண்டையில் பெல்ட் என்றால் பட்டம்; பல அமைப்புகள் தனித்தனியாகக் கொடுக்கின்றன, அதிலும் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று வைத்திருப்பார்கள்.

சரி, சண்டையாவது உருப்படியாக இருந்ததா? மூன்றாவது ரவுண்டிலேயே இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவர் ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) போட இடது கையை நீட்டுவார். மற்றவர் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே மேலே சாய்வார். நடுவர் பிரித்துவிடுவார். மறுபடியும் அதே கட்டிப்பிடி. நடுவில் சாம்பியன் மவுத்கார்டைத் துப்பிவிட்டு, அதைக் கழுவி வாயில் வைக்கும்வரை கயிற்றில் சாய்ந்து இளைப்பாறினார். அப்புறம் அவரே பாயிண்ட்ஸில் ஜெயித்தார்.

சாம்பியனின் தொப்பையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸ் தொப்பையோடுதான் நியூயார்க்கில் அப்போதைய சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவை நான்கு முறை தரையில் விழவைத்தார். அந்த டிசம்பரில் நடந்த மறு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 7 கிலோ கூடி வந்து நின்றார் பாருங்கள், என் ஆதங்கம் அதில்தான். பெல்ட் கைக்கு வந்ததும் உழைப்பு போய்விடுகிறது.

உங்கள் சேவை மையத்தில் கேட்டதற்கு, ‘ஆட்டம் தடையில்லாமல் முழுமையாக ஒளிபரப்பானது, பணம் திரும்பக் கிடைக்காது’ என்றார்கள். ஒளிபரப்பில் குறை இல்லை. நீங்கள் சொல்லி விற்ற சரக்கு வேறு, கொடுத்த சரக்கு வேறு என்பதுதான் புகார்.

முகமது அலி 1975 என்ற ஒரே ஆண்டில் நான்கு முறை பட்டத்தைப் பணயம் வைத்தார். அதில் கடைசி ஆட்டம் மணிலாவில், ஜோ ஃப்ரேஸியரோடு. மானுவல் சார் 2017 நவம்பரில் டபிள்யூ.பி.ஏ. என்ற அமைப்பின் இரண்டாம் நிலை பெல்ட்டை வென்றவர். அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ரிங்கில் ஏறவே இல்லை. ஊக்கமருந்துப் பரிசோதனை, ஒப்பந்தத் தகராறு என்று காரணம் ஆயிரம் இருக்கட்டும். 2024 டிசம்பரில் அதே ரக பெல்ட்டை அவரிடமிருந்து பறித்தவர் 43 வயது குப்ரத் புலேவ். உங்கள் விளம்பர மொழியில் இவர்கள் எல்லாரும் ‘உலகச் சாம்பியன்’தான்.

நல்ல ஆளே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒலெக்சாண்டர் உசிக் இருக்கிறார். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்று நான்கு முக்கிய பெல்ட்டையும் ஒன்றாகச் சேர்த்தார். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் மறுப்பில்லாத ஒரே சாம்பியன் என்று ஒருவரைச் சொல்ல முடிந்தது அப்போதுதான். அது எத்தனை நாள் நிலைத்தது? ஃபியூரியோடு மறு ஆட்டம் ஒப்பந்தமாகியிருந்ததால், அமைப்பு காட்டும் ஆளோடுதான் மோத வேண்டும் என்ற கட்டாயப் போட்டியாளர் விதியைச் சொல்லி, சில வாரங்களில் அந்த நான்கில் ஒன்றான ஐ.பி.எஃப். அமைப்பின் பெல்ட் கையை விட்டுப் போனது. போய்ச் சேர்ந்த இடம் டேனியல் டுபுவா. முந்தைய ஆண்டுதான் உசிக்கிடம் 9-ஆவது ரவுண்டில் விழுந்தவர்! 2025 ஜூலையில் வெம்ப்ளியில் மறுபடியும் அவரையே விழவைத்து உசிக் அதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1980-இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் இன்னொரு முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு கையுறை மாட்டினார். அது பட்டமோ வெற்றிக் கணக்கோ இல்லாத காட்சி ஆட்டம் என்று டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் அதை ஆசையாகச் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் டெக்சாஸில் 58 வயது மைக் டைசனை, யூடியூபில் பிரபலமாகி ரிங்குக்கு வந்த ஜேக் பாலோடு இரண்டு நிமிட ரவுண்டுகளில் இறக்கிவிட்டு, அதை முறையான தொழில்முறை ஆட்டமாகக் கணக்கில் ஏற்றினார்கள். கிழவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காட்சி ஆட்டம் என்றே சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஹெவிவெயிட்டைச் சீர்செய்ய உங்களால் முடியாது, தெரியும். விளம்பரத்தைச் சீர்செய்ய முடியும். பணம் வாங்கும் பக்கத்திலேயே எந்த அமைப்பின் பெல்ட், முதல் நிலையா இரண்டாம் நிலையா, எத்தனை ரவுண்டு, காட்சி ஆட்டமா என்பதைத் தமிழில் போடுங்கள். என் 499 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். சந்தாவில் கழித்துக்கொள்ளும் கூப்பன் வேண்டாம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்.