ஒன்பதுக்கு என்ன அர்த்தம்?

அன்புள்ள மூர்த்திக்கு,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி கிளப்புக்குப் போகிறாய் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு ரம்மி அலுத்துவிட்டது, பிரிட்ஜ் சொல்லிக்கொடு என்று நச்சரிக்கிறாள்.

பார்ட்னர் உன் சீட்டின் சேதியைப் படிக்கவில்லை என்ற உன் புகாருக்கு வருகிறேன். அவர் டைமன் ராஜாவை லீட் செய்தார், அதாவது முதல் சீட்டாக இறக்கினார். ஆட்டின் வேண்டும் என்று சொல்ல நீ டைமன் ஒன்பதைப் போட்டாய். அவர் மறுபடி டைமனையே இறக்கினார். கோபித்துக்கொள்ளாதே, நான் அவர் பக்கம். டம்மியில், மேசையில் விரித்து வைத்த எதிராளியின் கையில், மூன்று சின்ன டைமன்கள் கிடந்தன என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த நிலையில் பெரிய சீட்டு விழுந்தால் 'இதையே தொடரு' என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். டம்மியில் ஒற்றை டைமன் இருந்து, அடுத்த சுற்றை அது துருப்பால் வெட்டிவிடும் என்றால் கதை வேறு. தொடர்வதா வேண்டாமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அப்போது உன் ஒன்பது வேறு எதையோ சொல்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கும்.

எந்தச் சீட்டு ஜாதிக்குத் திரும்ப வேண்டும் என்று காட்டும் இந்த முறையை 1930-களில் சொன்னவர் ஹை லாவிந்தால் என்ற அமெரிக்கர். இங்கிலாந்தில் இதற்கு மெக்கென்னி என்று பெயர். மெக்கென்னி இதைப் பரப்பியவர்தான், கண்டுபிடித்தவர் இல்லை. இது கச்சிதமாக வேலை செய்யும் இடம் துருப்பு வெட்டு. எதிராளி நாலு இஸ்பேடு ஆடுகிறார் என்று வை, அதாவது இஸ்பேடு துருப்பு, பதின்மூன்று டிரிக்கில் (சுற்றில்) அவர் பத்து எடுத்தாக வேண்டும். பார்ட்னர் தன் ஒற்றைக் கிளாவரான நாலை லீட் செய்கிறார். உன் கையில் கிளாவர் ஏஸ், 9, 6, 2. ஏஸால் எடுத்துவிட்டு வெட்டுவதற்கு ஒரு கிளாவர் கொடுக்கப் போகிறாய். எதைக் கொடுப்பாய்? துருப்பையும் கிளாவரையும் தள்ளினால் மிஞ்சுவது ஆட்டினும் டைமனும். ஒன்பது கொடுத்தால் மேல் ஜாதி, அதாவது ஆட்டின். இரண்டு கொடுத்தால் டைமன். ஆறு என்றால் எனக்கு எதுவும் தேவையில்லை, உன் இஷ்டம். உன்னிடம் ஆட்டின் ஏஸ் இருக்கிறது, ஒன்பதைக் கொடுக்கிறாய். அவர் வெட்டி, ஆட்டின் இறக்கி, உன் ஏஸுக்கு வந்து, இன்னொரு கிளாவரையும் வெட்டுகிறார். நாலு டிரிக் நமக்கு, ஆட்டம் ஒன்று குறைந்தது. அவருடைய ஆட்டின் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பயப்படாமல் இறக்குவார், ஏனென்றால் நீ சொல்லிவிட்டாய்.

நீ செய்வது இந்த மருந்தை எல்லா நோய்க்கும் கொடுப்பது. முதலில் பிடிக்கும், பிடிக்காது, அதாவது இதையே தொடரலாமா வேண்டாமா என்பது. அது பொருந்தாத இடத்தில் எண்ணிக்கை, உன் கையில் அந்த ஜாதியில் எத்தனை சீட்டு என்பது. அதுவும் பயன்படாதபோதுதான் ஜாதி. இந்த வரிசையை இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி கேட்டால் அதையும் சொல்லத்தான் வேண்டும், ரகசியம் கூடாது. அப்புறம், டிக்ளேரருக்கும், அதாவது டம்மியையும் சேர்த்து ஆடும் எதிராளிக்கும், கண் இருக்கிறது. நீ ஒவ்வொரு சீட்டிலும் சேதி சொன்னால் அவர்தான் முதலில் படிப்பார்.

இன்னொன்று, சொல்லலாமா என்று யோசித்தேன். ஒன்பதை 'அழுத்தி வைத்தேன்' என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம்பா. சீட்டு எது என்பதுதான் சேதி, அது விழும் விதம் இல்லை. 1975-இல் பெர்முடா கோப்பையில், அதுதான் பிரிட்ஜின் உலகப் போட்டி, பார்ட்னர்கள் ஒருவரையொருவர் பார்க்காதபடி முதல் முறையாக மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். ஃபக்கீனி, சுக்கெல்லி என்ற இத்தாலிய ஜோடி காலால் பேசியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது, மேசைக்கு அடியிலும் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. நீ அந்த ஆள் இல்லை, தெரியும். ஆனாலும் எல்லாச் சீட்டையும் ஒரே மாதிரி வை.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? என் தம்பியும் பேத்தியும் சேர்ந்தால் நாலு பேர் ஆகிவிடும். நீ பேத்தியோடு ஆடு. ஒன்பதைப் போட்டால் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள்.

அன்புடன்,
ராகவன்