முருங்கைக்கும் ரோஜாவுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு

எங்கள் வேளச்சேரித் தெருவில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு வீடு வீடாக வந்து சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நேரில் பேசினால் அழுகை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நானும், அப்போது வெறும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த என் கணவரும் நாலு வருஷம் போட்ட சண்டை உங்களுக்குத் தெரியாததா? எங்கள் முருங்கை மதிலைத் தாண்டி அவர் மாடிக்குப் போய்விட்டது, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக் கொத்தாக இறங்கும், அவருடைய ரோஜாத் தொட்டிகளுக்கு வெயில் விழாது. ஒரு நாள் பூவும் பிஞ்சுமாக இருந்த கிளையை வெட்டிவிட்டார். நான் கத்தியது தெருமுனை வரை கேட்டது. இரண்டு பக்கத்துப் புகாரையும் பொறுமையாகக் கேட்டு, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லாமலே வைத்திருந்த சங்கத் தலைவர் சாருக்கு முதல் நன்றி. அன்றைக்கு நீங்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷன் வரை போக விட்டிருந்தால் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்திருக்கவே மாட்டோம்.

அப்புறம் 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், கரண்ட் போய்விட்டது, போனும் எடுக்கவில்லை. அவர் மதில் ஏறிக் குதித்து வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அம்மாவைத் தூக்கிக்கொண்டு தன் மாடிக்குப் போனார். அம்மாவின் இன்சுலின் கெட்டுப்போகுமே என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தீர்களே நர்ஸ் அக்கா, அதை எப்படி மறப்பேன்! ஒரு மண்தொட்டிக்குள் இன்னொரு தொட்டி, நடுவில் ஈர மண், மேலே நனைத்த துணி, உள்ளே மருந்து, ஃபிரிட்ஜ் இல்லாமலே ஜில்லென்று இருக்கும் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து போய், எந்த ரோஜாவுக்காக என்னோடு நாலு வருஷம் மல்லுக்கு நின்றாரோ அதே ரோஜாக்களை வேரோடு பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தொட்டிகளைக் காலி செய்துகொண்டிருந்தார். அடியில் இருந்த ஓட்டையை என் பழைய துப்பட்டாவால் அடைத்தோம். எனக்கு மனசு மாறியது அந்த இடத்தில்தான். அவருக்கு அதற்கு முன்னாலேயே மாறிவிட்டதாம்.

பால் கிடைக்காத அந்த நாட்களில் எங்கெங்கோ அலைந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் பாக்கெட் கொண்டுவந்த இஸ்திரி அண்ணனுக்கு நன்றி. என் கணவர் கிறிஸ்தவர், நாங்கள் இந்து. அவருடைய அம்மாவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் சலிக்காமல் மாலையில் போய் உட்கார்ந்து பேசிய கடைசி வீட்டு ஆச்சிக்கு என்ன கைமாறு செய்வேன்? சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் ஒட்டி 30 நாள் காத்திருக்கணும், மூன்று சாட்சி வேணும் என்றார்கள். தலைவர் சார், நர்ஸ் அக்கா, இஸ்திரி அண்ணன் மூன்று பேரும் காலையிலேயே குளித்து, புதுத்துணி உடுத்தி சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றீர்கள். அந்தக் கையெழுத்துகளைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

பழைய முருங்கை அந்தப் புயலிலேயே முறிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு போத்து வெட்டி, ரோஜாவுக்கு நிழல் விழாத மூலையாகப் பார்த்து அவரே நட்டார். இப்போது காய்க்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் வந்து பறித்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம். ஆச்சி, உங்களுக்கு மட்டும் நானே கொண்டுவந்து தருகிறேன்.